பொட்டும் படலையும் ஃபென்ஸும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் வேலி பற்றியவை. ஐப்பசி மழைக்கு முன் வேலி அடைக்கிற நாள்தானே, கிடுகு விலை விசாரித்து வந்த கையோடு பேனாவையும் எடுத்திருப்பார்கள் போல. மற்றக் கடிதங்கள் அடுத்த இதழுக்கு.

கேள்வி: அம்மா, நான் தரம் 10 படிக்கிறேன். ஆங்கில ரீச்சர் ‘ஃபென்ஸ்’ என்ற சொல்லுக்கு ஒத்தகருத்துச் சொற்கள் பத்து எழுதி வரச் சொன்னா. அகராதியைப் பார்த்து பரியர், வோல், ஹெட்ஜ், ரெயிலிங், பரிகேட், ஹேர்டில், ஒப்ஸ்டகிள், பலிசேட் என்று எட்டு எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் தமிழில் ‘தடை’ என்று போடலாமா? மிச்சம் இரண்டையும் நீங்கள் சொல்லுங்கோ.
— மாணவி, தம்பலகாமம்

பதில்: மிச்சம் இரண்டையும் நீரே தேடும், பிள்ளை. எனக்கு ரீச்சர் புள்ளி போடப்போவதில்லை. ‘தடை’ என்று எட்டுக்கும் போட்டால் சரி அடையாளம் விழும். ஆனால் உங்கள் வளவைச் சுற்றி நிற்பதைத் ‘தடை’ என்று உங்கள் அம்மம்மாவிடம் சொல்லிப்பாரும், சிரிப்பா. பரீட்சைத் தடை, பயணத் தடை, திருமணத் தடை எல்லாம் உண்டு. கிடுகு கட்டினால் அது வேலிதான்.

ஃபென்ஸ் என்ற சொல் தலை வெட்டுப்பட்ட சொல். ‘டிஃபென்ஸ்’ என்பதில் முன்னெழுத்துகள் உதிர்ந்து மிஞ்சியது. பழைய ஆங்கிலேயர் அதை முதலில் ‘காவல்’ என்ற பொருளில்தான் வழங்கினார்கள். காவலுக்கு நட்ட தடிகளுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டியது. வாள் சண்டை விளையாட்டை ஃபென்சிங் என்பதும் இதே வீட்டுப் பிள்ளை. வெட்டு விழாமல் காக்கிற வித்தை அல்லவா? எனவே ஃபென்ஸ் என்று வந்தால், உள்ளே காக்க ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

ஹெட்ஜ் என்றால் உயிருள்ள செடிகளையே நெருக்கி வளர்த்து, கத்தரித்து எடுத்த வேலி. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊர் வேலியில் கதியால் உயிரோடு நிற்கும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் மழைக்குத் துளிர்த்து, ஆட்டுக்குக் குழை கொடுக்கும். அதில் வரிச்சுப் பிடித்துக் கட்டுகிற கிடுகோ செத்த ஓலை. பாதி ஹெட்ஜ், பாதி ஃபென்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு ‘லிவிங் ஃபென்ஸ்’ என்று விவசாயப் புத்தகங்களில் எழுதுவார்கள். நீரும் அப்படியே எழுதலாம். ரீச்சர் கேட்டால் என் பெயரைச் சொல்லும்.

வோல் என்பதன் பாட்டன் லத்தீனில் ‘வல்லும்’, அதற்கும் மூத்தது ‘வல்லுஸ்’, அதாவது கூராக்கின கழி. உரோமப் படைகள் பாளையம் இறங்கினால் மண்ணை மேடாக்கி அதன்மேல் கழி நடுவார்கள். ஆக, கல்லுச் சுவருக்கும் ஆதி ஒரு தடி வேலிதான். தமிழிலும் இதே கதை உண்டு என்பதில் எனக்கு ஒரு புளுகம். நிகண்டைத் திறந்தால் மதிலுக்கு எயில், இஞ்சி, புரிசை என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் நொச்சியும் நிற்கும். காய்ச்சலுக்கு அவித்து ஆவி பிடிக்கிற அதே நொச்சி. மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடிய பூ அது. பூவின் பெயர் மதிலுக்கும் ஆகிவிட்டது. இன்றைக்கும் அதை வேலியில் நடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

திருகோணமலைக்காரருக்கு மதிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோணேசர் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு 1624 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, இப்போது பிரெட்ரிக் கோட்டை என்று நிற்கிறது. ஒல்லாந்தர் 1639 இல் பிடித்தார்கள். 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் பிடித்து, பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். திரும்ப ஒல்லாந்தரிடம் போய், 1795 இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. இவ்வளவு தடித்த மதில் யாரைத்தான் தடுத்தது என்று சின்ன வயதிலிருந்தே யோசிக்கிறேன். இப்போது புள்ளிமான்கள் வாசலால் நினைத்த நேரம் வெளியே வருகின்றன, பட்டணத்துக்குள் கடதாசி தின்கின்றன, பொழுதுபட உள்ளே போகின்றன. கோட்டைப் பக்கம் இருக்கிற என் தங்கச்சி அந்த மான்களுக்குப் பயந்து, செவ்வரத்தையைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டியிருக்கிறாள். ஃபிரான்சுக் கப்பலுக்கு எழுப்பிய மதில் மானை விட்டுவிட்டது. நைலோன் வலை பிடித்து நிறுத்துகிறது. அந்த வலை ஃபென்ஸ், அந்த மதில் வோல். அகராதியில் இரண்டும் ஒரே வரியில் கிடக்கின்றன.

ஹேர்டில் என்றதும் உமக்கு விளையாட்டுப் போட்டி ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் முதல் பொருள் தட்டி, படல். மிலாறுகளை முடைந்து, ஆட்டுப்பட்டிக்கு இடம்மாற்றி இடம்மாற்றி வைப்பது. இலங்கைத் தமிழில் இந்த ஓட்டத்துக்குச் ‘சட்டவேலி ஓட்டம்’ என்று யார் பெயர் வைத்தாரோ, அவருக்கு என் கும்பிடு. சட்டம் அடித்த சின்ன வேலி, அப்படியே மூலப்பொருள். ஓட்டம் முழுவதும் 10 சட்டவேலி. ஆண்களின் 110 மீற்றருக்கு உயரம் 106.7 சென்ரிமீற்றர், பெண்களின் 100 மீற்றருக்கு 83.8. கால் பட்டால் அது தானாகச் சரியும்படி செய்திருப்பார்கள், தற்செயலாகத் தட்டி விழுத்தினதற்காக ஓட்டத்திலிருந்து விலக்கவும் மாட்டார்கள். தாண்டுவதற்கென்றே வைத்தது ஹேர்டில். வேலியைத் தாண்டினால் நாய் கடிக்கும்.

பரிகேட் என்பதன் உள்ளே ஒரு பீப்பா இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘பரிக்’ என்றால் பீப்பா. 1588 மே மாதம் பாரிஸ் சனங்கள் மண்ணும் கல்லும் நிரப்பின பீப்பாக்களைத் தெருவில் உருட்டி வந்து அரசனின் படையை மறித்தார்கள். சொல் அந்தக் காலத்தில் பரவினது. நான் இதை முதன்முதல் வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப் பொயின்டுகளில், அதாவது சோதனைச் சாவடிகளில், நின்றவையும் தார்ப் பீப்பாக்கள்தான், மண் நிரப்பி, வெள்ளையும் கறுப்புமாகப் பூசினவை. பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பீப்பாக்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து நடந்து, அந்தப் பக்கம் வெறும் பஸ்ஸில் திரும்ப ஏறினதை உம்முடைய அம்மா சொல்லுவா. பாரிசில் பீப்பா உருட்டினது ஊர்ச் சனம். இங்கே ஊர்ச் சனம் வளைந்து நடந்தது. சொல் ஒன்றுதான்.

ஒப்ஸ்டகிள் என்றால் முன்னால் வந்து நிற்பது, அவ்வளவே. அதை ஒருவரும் கட்டியிருக்கத் தேவையில்லை. கந்தளாய் ரோட்டில் இரவில் யானை நின்றால் அது ஒப்ஸ்டகிள். மழைக்கு மரம் சரிந்து விழுந்தாலும் ஒப்ஸ்டகிள். அதே மரத்தை நாலு பேர் இழுத்து வந்து குறுக்கே போட்டால் பரிகேட். பரியர் என்பதற்கு மூலம் ‘பார்’, குறுக்குச் சட்டம். அது நேரத்துக்கு எழும்பும், நேரத்துக்கு இறங்கும், அருகில் ஓர் ஆள் நிற்பார். ரெயிலிங் கம்பிப் பிடி, பலிசேட் கூர்க்கழி வரிசை. இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உமது எட்டுச் சொல்லையும் திரும்பப் பாரும். எல்லாம் மறிக்கிற சொற்கள். வழி விடுகிற சொல் ஒன்றாவது இருக்கிறதா? எங்கள் வேலிப் பேச்சில் அரைவாசி வழி விடுகிற சொற்கள்தான். படலை இருக்கிறது. கூரை போட்டு, வழிப்போக்கர் குந்தியிருக்கத் திண்ணையும் வைத்தால் சங்கடப்படலை. காலைத் தூக்கிக் கடக்க விட்டது கடப்பு, கண்டாயம். நாய், கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, கறிக்கு உப்பு இரவல் கேட்டு வருகிற மாமி, எல்லாரும் குனிந்து வருவது பொட்டு.

இந்தப் பொட்டால் நான் ஒருநாள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வியர்த்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். அது வேலைக்கு வந்த மூன்றாம் வருடம். மச்சாள்மார் இருவருக்கு இடையில் வேலி வழக்கு. ஒருத்தி சொல்கிறாள், நடுவில் வழி இருந்தது என்று. மற்றவள் சொல்கிறாள், வேலியைப் பிய்த்து வந்தார்கள் என்று. நீதிபதிக்குத் தமிழ் ஓடாது. சாட்சிக்கு ஓர் ஆச்சி ஏறினா, வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு.

“பொட்டு ஒண்டு இருந்தது ஐயா. அதுக்குள்ளாலதான் போறது வாறது.”

நான் யோசிக்காமல் ‘கேப்’ என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்துச் சட்டத்தரணி உடனே எழும்பினார். கேப் என்றால் வேலி பழுதாகி விழுந்த இடைவெளி, வழி அல்ல என்றார். மறுபக்கத்தவர், இல்லை, மொழிபெயர்ப்பாளர் ‘கேட்’ என்று சொல்லியிருக்கவேண்டும் என்றார். ‘ஹோல்’ என்றார் இன்னொருவர் பின்வாங்கிலிருந்து. ஹோல் என்றால் களவாக வெட்டினது. கேட் என்றால் இரு தரப்பும் அறிந்த வழி. ஒரு நாய் நுழைகிற ஓட்டைக்கு மூன்று ஆங்கிலச் சொல், மூன்று தீர்ப்பு. நீதிபதி என்னைப் பார்த்தார். எனக்கு நா வறண்டுபோயிற்று. ஆச்சியிடம் கேட்க அனுமதி எடுத்து, ‘அதை வெட்டினது ஆர் அம்மா?’ என்று கேட்டேன்.

“ஆரும் வெட்டேல்லைப் பிள்ளை. வேலி அடைக்கேக்கை ரெண்டு வீட்டுக்காரரும் பார்த்து விட்டது.”

விட்டது. அந்த வினையில் எல்லாம் இருந்தது. ‘இரு வீட்டாரும் வேலி கட்டும்போதே விட்டுவைத்த திறப்பு’ என்று ஆங்கிலத்தில் நீட்டிச் சொன்னேன். ஒரு சொல்லுக்கு ஒரு வரி. நீதிபதி முழுதையும் எழுதிக்கொண்டார். இரண்டு தவணை கழித்து வழக்குச் சமாதானமாகி, அந்த இடத்தில் ஒரு சின்னப் படலை போட ஒத்துக்கொண்டார்கள். கொளுக்கி இரண்டு பக்கமும். அன்றைக்குத் தொடங்கியதுதான் எனக்கு இந்தச் சொல் பைத்தியம்.

ஆகையால், பிள்ளை, கொப்பியில் எட்டையும் எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வசனம் எழுதும். தம்பலகாமத்து வயலையும் மாட்டையும் வைத்து எழுதும். அப்போது தெரியும், எது எங்கே பொருந்தாது என்று.

கேள்வி: ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றில் ‘அவன் ஊரறிந்த ஃபென்ஸ்’ என்று வருகிறது. ஊரறிந்த வேலியா?
— மூதூர் வாசகர்

பதில்: களவுப் பொருளை வாங்கி விற்கிறவன். கள்ளர் மொழியில் பிறந்த பொருள், முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. மறைவு என்ற காப்புக்குள்ளே நடக்கிற வியாபாரம் என்பதால் காவற் சொல் வியாபாரிக்கு ஏறியது. தமிழில் ஒற்றைச் சொல்லாக எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘களவுச் சாமான் வாங்கிறவன்’ என்றே நீதிமன்றத்திலும் சொல்லி வந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதையை இவனோடு சேர்த்துவிடாதீர்கள். அது காவலுக்கு வைத்தவனே களவெடுப்பது. இவன் களவெடுப்பதில்லை. கையில் மண் படாமல் இருக்கிறவன்.

கேள்வி: பக்கத்து வளவுக்காரர் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியாலை அரை அடி எங்கள் பக்கம் அரக்கி நடுகிறார். வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு இதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். என்ன சொல் போடுவது? என்ன செய்வது?
— பேர் போடவேண்டாம் என்றவர், நிலாவெளி

பதில்: சொல் ‘என்குரோச்மென்ட்’. அதற்குள் ஒரு கொளுக்கி இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘குரோக்’ என்றால் கொளுக்கி. கொளுவி இழுப்பதுதான் பொருள். ஆனால் நீங்கள் எழுதின ‘அரக்கி’ என்ற சொல்லுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அரக்குதல் என்றால் ஒருவருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. நில அளவையாளருக்குக்கூடத் தூக்கம் கலையாது.

எனக்கும் நடந்தது. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் வெளியூர் போய்வந்து பார்த்தால், வேலியோரம் நின்ற என் கறிவேப்பிலை பக்கத்து வளவுக்குள் நிற்கிறது. மரம் நடந்து போகவில்லை. சம்பலுக்கு இலை ஆயப் போய்த்தான் கண்டேன். கேட்டால், ‘அக்கா, அது முந்தியும் அங்கைதானே நிண்டது’ என்றார், கண்ணைச் சிமிட்டாமல். சட்டம் தெரிந்தவள் என்று ஊரில் பெயர் எடுத்த எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

செய்யவேண்டியது இவ்வளவுதான். உறுதியோடு இருக்கும் நில அளவை வரைபடத்தை எடுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைப் பாருங்கள். வழக்குக்கு ஓடமுன் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. அங்கே வருகிற பிணக்குகளில் வேலிக்குக் குறைவில்லை. முக்கியமாக, பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் காணியைத் தன்னுடையதுபோல 10 வருடம் இடையூறில்லாமல் ஆண்டுவிட்டால் உரித்துக் கோர வழி பிறக்கிறது. நான் என் கறிவேப்பிலையை ஏழாம் மாதமே திருப்பி எடுத்தேன். அவரோடு இப்போதும் பேச்சு உண்டு, கறிவேப்பிலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கேள்வி: யானைக்குப் போடுவதை ‘எலக்ட்ரிக் ஃபென்ஸ்’ என்கிறார்கள். இரண்டு மூன்று கம்பிதான் ஓடுகிறது. யானை நினைத்தால் நூலை அறுப்பதுபோல அறுக்கும். இதை வேலி என்று சொல்லலாமா?
— விவசாயி, கந்தளாய்

பதில்: நல்ல கேள்வி, ஐயா. அந்தக் கம்பிக்குப் பலம் கிடையாது. அதன் வேலை யானையின் ஞாபகத்தில் நடக்கிறது. கருவி கம்பிக்குள் விடுவது தொடர் மின்சாரம் அல்ல. செக்கனுக்கு ஒரு தரம்போல, கண் மூடித் திறக்கமுன் போய்விடுகிற ஓர் அடி. வோல்ற் ஆயிரக்கணக்கில், சக்தியோ சிறிது. யானைக்குச் சுள்ளென்று இருக்கும், சாகாது. ஒருமுறை தும்பிக்கையில் வாங்கின யானை அந்தக் கம்பியைக் கண்டால் ஒதுங்கும் என்பதுதான் கணக்கு. இதை ஆங்கிலத்தில் மனத்தடை என்ற பொருளில் ‘சைக்கொலொஜிக்கல் பரியர்’ என்பார்கள். அந்த வகையில் ஃபென்சைவிட அந்தப் பெயர் நேர்மையானது.

யானையும் சும்மா இருப்பதில்லை. மரத்தைச் சரித்துக் கம்பிமேல் விழுத்தும். தந்தத்தில் மின்சாரம் ஏறாதென்று கண்டுபிடித்த கொம்பன்கள் தந்தத்தால் கம்பியை நெம்பும். கம்பியில் புல்லும் கொடியும் படர்ந்தால் அடி நிலத்துக்குப் போய்விடும். காவல் வேண்டிய வேலி அது, பிறகு துப்புரவும் வேண்டும். நட்டுவிட்டு மறந்தால் வெறும் கம்பி.

ஒன்று மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது வேலி அல்ல, கொலைக்கருவி. சட்டவிரோதம். யானையும் சாகும், விடியப்புறம் தண்ணி கட்டப் போகிற மனிதனும் சாவான். அதற்கு அகராதியில் தேடவேண்டிய சொல் வேறு.

கேள்வி: ‘சிட்டிங் ஒன் த ஃபென்ஸ்’ என்பதை ‘மதில் மேல் பூனை’ என்று மொழிபெயர்க்கலாமா?
— ஆசிரியர், கிண்ணியா

பதில்: பரீட்சைத் தாளில் போடுங்கள், வெட்டமாட்டார்கள். என் மனதுக்கு ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் வேலிமேல் குந்தியிருப்பவர் இறங்கமாட்டார். எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதே அவருக்கு வசதி. எங்கள் பூனை இறங்கத்தான் போகிறது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. அவரைப் பற்றி எரிச்சல்படலாம், பூனையை நம்பமுடியாது. தேர்தல் காலத்தில் இரண்டு வகை ஆட்களும் ஊரில் உண்டு. ஒரே சொல்லால் இருவரையும் கூப்பிட்டால் பூனை கோபிக்கும்.

கேள்வி: கொழும்பு பஸ்ஸில் விடியப்புறம் கண்விழித்தால் ‘கடவத்தை’ என்று கத்துகிறார்கள். எங்கள் ‘கடவை’க்கும் அதற்கும் தொடர்பா?
— வாசகி, பாலையூற்று

பதில்: சிங்களத்தில் ‘கடவத்த’ என்றால் காவல் வாயில், எல்லை வழியில் நிற்பது. இரண்டு சொல்லும் உறவா என்பதில் நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன். பொருளில் இரண்டும் அயலட்டை.

அந்தக் காவல் வாயில் எப்படி இருந்தது என்று சொன்னவர் எங்கள் பக்கத்தில் பிடிபட்ட ஆள்தான். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், 1660 இல் கொட்டியாரக் குடாவில், உங்கள் மூதூர்க் கரையில், தகப்பனோடு கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார். தப்பி வெளியே போனது 1679 இல். 1681 இல் அச்சிட்ட தன் சரித்திரத்தில், கண்டி நாட்டு வழிகளில் முள்ளால் செய்த வாயில்கள் நின்றதைச் சொல்கிறார். எங்கள் அலம்பல் வேலியைத் தூக்கி நிமிர்த்தினால் எப்படி, அப்படி. மேலே தூக்கினால்தான் வழி. அதைக் கடக்கிறவருக்குக் களிமண்ணில் குத்தின முத்திரை வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தோளில் வைத்த மனிதனின் உருவம். கூலியாளுக்குக் காவடித் தடியில் இரண்டு பை தொங்கவிட்டவன். வெள்ளைக்காரனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உள்ளவன். முத்திரையைப் பார்த்தால் ஆளைத் தெரியும், படிக்கத் தெரியவேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் வைத்திருக்கிற ‘கடவுச்சீட்டு’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அதை வாசித்தபோது நினைத்தேன். கடவு என்றால் வழி. ரயில் வருகிற இடத்தையும் நாங்கள் ‘புகையிரதக் கடவை’ என்கிறோம், குறுக்கே விழுகிற சட்டத்தின் பெயரால் அல்ல, கடக்கிற காலின் பெயரால்.

கேள்வி: அக்கா, முகநூலில் வெளியூர்க்காரர் எல்லாரும் ‘நிலாவேலி’, ‘உப்புவேலி’ என்று எழுதுகிறார்கள். விளம்பரப் பலகையிலும் கண்டேன். திருத்தினால் ‘எல்லாம் ஒன்றுதானே’ என்கிறார்கள்.
— உப்புவெளி வாசகர்

பதில்: ஒன்றே அல்ல, நேர் எதிர். வெளி என்றால் மறிப்பு இல்லாத திறந்த நிலம். வேலி என்றால் மறிப்பு. குற்றவாளி ஆங்கில எழுத்து. நெடிலையும் குறிலையும் ஒரே எழுத்தால் எழுதும், லகரத்தையும் ளகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதும். அதை மறுபடி தமிழுக்குத் திருப்புகிறவர், கால் தவறி வேலிக்குள் விழுகிறார்.

அவர்களுக்காக ஒரு வாதம் வைக்கலாம்: சோழ நாட்டில் ‘வேலி’ நில அளவும்கூட. 20 மா ஒரு வேலி. அடைத்த வேலியின் பெயர் அடைபட்ட நிலத்துக்கு ஏறியிருக்கும். ஆங்கிலத்து ‘டவுன்’ என்பதற்கும் இதே வழி. அதன் ஜெர்மன் உறவுச் சொல் ‘சவுன்’ இன்றைக்கும் வேலிதான், ஒல்லாந்தரின் ‘டவுன்’ வீட்டுத் தோட்டம். ஆனாலும் உப்புவெளியில் தஞ்சாவூர்க் கணக்கில் நிலம் அளந்ததாக நான் கேள்விப்படவில்லை.

போன கிழமை நிலாவெளிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் பலகையில் அதே பிழையைக் கண்டு, ஓட்டோவை நிற்பாட்டி உள்ளே போய்ச் சொன்னேன். முன்மேசையில் இருந்த தம்பி மரியாதையாகக் கேட்டார், பலகையைப் பார்த்தார், பிறகு சொன்னார்: “அம்மா, நாங்கள் கடற்கரைப் பக்கம் இப்ப வேலி போட்டிட்டம்தானே.”